மூடியில் படியாத ஆவி

டுலூத் நகரில் உறைபனிக் காலை. ஆர்னியின் பழுதுபார்க்கும் கடைக்குள் வெண்டல் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி பூத்து வெளுத்தது. தடவித் தடவி வந்து, பளபளத்த ஒரு லேப்டாப்பை மேசையில் வைத்தார்.

"என் பொண்டாட்டி லொரெட்டாவோடது. ராத்திரி பூரா ட்ரக்குல மறந்துட்டேன். குளிர்ல செத்துப்போச்சு. அவளுக்குத் தெரியறதுக்குள்ள சரிபண்ணிக் குடுங்க."

ஆர்னி பொத்தானை அழுத்தினார். நீலத்திரை ஒன்று நீளமான மீட்பு எண்ணைக் கேட்டு நின்றது.

"சாகல. யாரோ செட்டிங்ஸ்ல கைவெச்சிருக்காங்க, அதான் பூட்டிக்கிச்சு."

"கர்ட்தான்!" வெண்டலுக்கு முகம் சிவந்தது. "எங்க கர்லிங் ஆட்ட கிளப் ஆளு. சாயங்காலமானா லொரெட்டாவுக்கு இதுல அவனோடதான் அரட்டை. நான் கிட்டப் போனா மூடியச் சாத்திடுவா."

"பாஸ், ஆள் கெடச்சாச்சு!" என்று துள்ளினாள் உதவியாளர் ட்ரூடி.

"பொறும்மா." ஆர்னி தொடக்க அமைப்புகளைத் திறந்தார். "பாதுகாப்ப அணைச்சு, பென்டிரைவுலேர்ந்து முதல்ல தொடங்கற மாதிரி வெச்சிருக்காங்க. பாஸ்வேர்ட் தெரியாம உள்ள நுழையப் பாத்த வேல. லொரெட்டாவுக்கு பாஸ்வேர்ட் தெரியும். கர்ட் தன்னோட அரட்டையத் தானே எதுக்குத் திருடணும்?"

"அப்ப யாரு?" என்றாள் ட்ரூடி.

"ராத்திரி வெளிய கெடந்த சாமான் இந்தச் சூட்டுக்குள்ள வந்தா வேர்த்துக் கொட்டும். இவர் கண்ணாடி வேர்த்துச்சு. மூடி காஞ்சு கெடக்கு. இது ராத்திரி வீட்டுலதான் இருந்திருக்கு. ட்ரக் கதை எதுக்கு, வெண்டல்?"

வெண்டல் தொப்பியைக் கசக்கினார். "அவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு பாக்கணும்னு..."

ஆர்னி இரண்டு அமைப்புகளையும் பழையபடி மாற்றினார். லேப்டாப் எழுந்து பாஸ்வேர்ட் கேட்டது.

"கொஞ்சம் தொறந்தும் விடுங்களேன்."

"லேப்டாப்புக்குச் சொந்தக்காரங்க வரட்டும்."

"வந்துட்டேன்." வாசலில் லொரெட்டா. "காணோமேன்னு தேடிட்டு வந்தா, இங்கே ஒன் ட்ரக் நிக்குது. கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே, திருட்டுப்பயலே!"

பாஸ்வேர்டைத் தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பினாள். வெண்டல் படித்தார். அடுத்த வாரக் கர்லிங் போட்டிக்கு ஜோடி: லொரெட்டா, கர்ட்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து பனித்தளத்தில் அவளோடு கல் தள்ளி ஆடிய ஜோடி வெண்டல்தான்.

"நான் காட்டுன எடத்துல ஒன் கல்லு என்னிக்காவது நின்னுச்சா? எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன்."

வெண்டல் நாற்காலியில் சரிந்தார். "அவனோட ஓடிப்போயிருந்தாக்கூட வீட்டோட முடிஞ்சிருக்கும். இது கிளப்பே பாக்குமே, லொரெட்டா!"

"பாக்கட்டும்" என்று லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள் அவள். "ஜெயிக்கிறதையும் சேத்துப் பாக்கட்டும்."