கண்துடைப்பு

நின்ற வண்டியில் விதை விழாது. சக்கரம் உருண்டால்தான் விதைப்பு இயந்திரத்தின் உள்ளே தட்டு சுற்றும். தட்டு சுற்றினால்தான் விதை குழாயில் இறங்கும். அப்படியிருக்க, டிராக்டரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்த அண்ணனின் முன்னால், ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் ஏழாவது விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மற்ற ஏழு விளக்குகளும் ஒழுங்காக அணைந்து கிடந்தன.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். தண்ணீர் குடிக்கவில்லை.

விஷயம் ரொம்ப எளிது. எட்டு வரிசைக்கு எட்டுக் குழாய். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு சென்சார். ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய ஒளி வரும், எதிர்ப்பக்கம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். விதை குறுக்கே விழுந்தால் ஒளி ஒரு கணம் மறையும்; இங்கே திரையில் அந்த வரிசையின் விளக்கு மினுக்கும். சென்சார் என்பதெல்லாம் மெக்கானிக் வாயில்தான். வயலில் எல்லாருக்கும் அது 'கண்'. தூசி படிந்தால் கண் பொய் சொல்லும். அப்போது யாராவது இயந்திரத்தைத் தூக்கி நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்து, குழாய்க்குள் நீளமான பிரஷ்ஷை விட்டுத் துடைக்க வேண்டும்.

அவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"நின்ன வண்டியில மின்னுதா? கண்ணுல தூசிங்க. துடைச்சுப் பாருங்க, சரியாயிடும்."

"நீ வந்து பார்க்க முடியாதா?"

"இதுக்கெல்லாம் நான் எதுக்குங்க? துடைச்சா முடிஞ்சுது." அவன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அவன் சிரிப்பான். அவனுக்கு என்ன? மேற்கே மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் மிச்ச நிலத்தை விதைத்தாக வேண்டும். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறான். போன விதைப்புக்குப் பிறகு அந்த இயந்திரத்துக்குப் பின்னால் நிற்கக்கூட யாருக்கும் மனசில்லை. அவர் டிராக்டர் கேபினின் ஜன்னலைச் சாத்தினார். அறைக்குள் டீசல் வாடையும், விதையில் பூசிய ரோஸ் நிற மருந்தின் புளித்த வாடையும் கலந்து நின்றன. இன்ஜின் சத்தத்துக்கு அடியில், கவனித்தால் மட்டும் கேட்கிற மாதிரி, பிளாஸ்டிக்கை எதுவோ உரசுகிற சத்தம் வந்தது. சர்ர், சர்ர். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி, சர்ர், சர்ர்.

விளக்கும் அதே கணக்கில்தான் மினுக்கியது. இரண்டு தடவை. நிறுத்தம். இரண்டு தடவை. நிறுத்தம்.

அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். ஐயோ, நன்றாகத் தெரியும்.

மாப்பிள்ளை அப்படித்தான் துடைப்பார். தங்கச்சி புருஷன். இரண்டு இழுப்பு, ஒரு மூச்சு, இரண்டு இழுப்பு. எல்லாம் முடிந்ததும் பிரஷ்ஷின் பிடியால் குழாயை ஒரே ஒரு தட்டு தட்டுவார். டொக். 'முடிஞ்சுது மச்சான், வெளிய வந்துட்டேன்' என்று அர்த்தம். பிரஷ் குறுக்கே போகும்போதெல்லாம் இங்கே விளக்கு மினுக்கும். அதாவது, விளக்கு மினுக்குகிறவரை ஆள் அடியில் இருக்கிறான். கையை உள்ளே விட்டிருக்கிறான். இது ஓட்டுகிறவனுக்கும் துடைக்கிறவனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

போன விதைப்பில், அன்றைக்குக் காலையில்தான் மாப்பிள்ளை பேச்சை எடுத்தார். "தங்கச்சி பங்கைப் பிரிச்சுக் குடுத்துடுங்க மச்சான். வித்துட்டு நாங்க வேற ஊர் பக்கம் போறோம்." சொன்னதில் தப்பில்லை, அவள் பங்கு அவளுடையதுதான். ஆனால் அண்ணனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அம்மா போன பிறகு அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். எவனோ வருவானாம், நிலத்தைப் பிரிப்பானாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவானாம்! அப்படி நினைத்தபோது ஏழாவது விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் லிவரைத் தள்ளினார். இன்ஜின் ஓடாவிட்டாலும், லிவரைத் தள்ளினால் இயந்திரம் தன் கனத்திலேயே இறங்கிவிடும். டொக் சத்தம் கடைசிவரை வரவில்லை.

"வெளிய வந்துட்டாருன்னு நினைச்சேன்" என்று விசாரணையில் சொன்னார். ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே 'நிதானம்'. வாயைத் திறந்தால் "நிதானமா செய், நிதானமா" என்பார். அவ்வளவு நிதானமான மனுஷன் வேண்டுமென்றே செய்வாரா? தூக்கிய இயந்திரத்துக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புத் தடி எங்கே என்று கேட்டார்கள். அது எப்போதோ தொலைந்துவிட்டது என்றார். அன்று மதியமே, மாப்பிள்ளை அடியில் படுப்பதற்கு முன்பே, அவர்தான் அதைக் கால்வாயில் வீசியிருந்தார். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். விசாரணையா அது, வெறும் கண்துடைப்பு என்று கடைத்தெருவில் யாரோ சொன்னபோது, அவர் வாங்க வந்ததை வாங்காமலே வீடு திரும்பினார்.

தங்கச்சி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், சாப்பிட்டியா அண்ணா என்று கேட்டாள். அது போதும் அவருக்கு. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும்.

இப்போது வரப்பில் அவள்தான் வந்துகொண்டிருந்தாள், கையில் பிளாஸ்க்கோடு.

அவர் அவசரமாகத் திரைமேல் துண்டைப் போட்டார். துண்டுக்குள்ளேயும் அது மினுக்கியது. சிவப்பாக. இரண்டு தடவை. நிறுத்தம். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்ததும் அவள் ஓடிவந்து ஏறி, அவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டீ ஆறிடும், குடி. எதுக்கு இதை மூடி வச்சிருக்க?" துண்டை எடுத்துவிட்டாள். "அண்ணா, நிக்கிற வண்டியில இது ஏன் மின்னுது?"

"தூசிம்மா."

"அப்போ துடைக்கணும்ல?"

"நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"மழை வந்துட்டா நாளைக்கு வயல்ல கால் வைக்க முடியுமா?" அவள் அவரையே பார்த்தாள். "துடைக்க இனிமே யாரு இருக்கா, நீதான் துடைக்கணும். போ. அணையுதான்னு நான் இங்க உட்கார்ந்து பார்த்துச் சொல்றேன்."

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது? இயந்திரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு இன்ஜினை மட்டும் அணைத்தார். விளக்கு எரிய சாவி வேண்டுமே, அதை அப்படியே விட்டார். லிவரை அவள் தொடப்போவதில்லை. எதற்குத் தொடுவாள்? அவளுக்கு என்ன தெரியும்?

இறங்கினார். ஈர மண் வாசனை. தூக்கி நிறுத்திய இயந்திரத்தின் வட்டத் தகடுகள் ஜோடி ஜோடியாகத் தொங்கின, மண்ணைக் கிழித்துக் கிழித்து விளிம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. முட்டுக் கொடுக்கத் தடியைத் தேடிக் கை தானாக நீண்டது. கால்வாயில் கிடக்கும் தடி எப்படிக் கிடைக்கும்?

மல்லாந்து படுத்து, முதுகால் தேய்த்துத் தேய்த்து ஏழாவது குழாய்க்குக் கீழே போனார். அங்கே ஒரு முடிவுக்கு வந்தார். கையை உள்ளே விடக் கூடாது. விட்டால் மேலே மினுக்கும், அவளுக்குப் புரிந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு, துடைத்துவிட்டேன் என்று எழுந்துவிடலாம். பிரஷ்ஷை நெஞ்சின்மேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சர்ர், சர்ர்.

தலைக்கு மேலே. குழாய்க்குள்.

"அண்ணா." அவள் குரல் மேலேயிருந்து தெளிவாக வந்தது. "நீ துடைக்கிறது இங்க தெரியுது."

அவர் கை இரண்டும் நெஞ்சின்மேல்தான் இருந்தன. பார்த்துக்கொண்டார். இரண்டும்.

"ரெண்டு தடவை. நிறுத்தம். ரெண்டு தடவை. அவர் துடைக்கிற மாதிரியே துடைக்கிறியே."

சர்ர், சர்ர். குழாயின் வாயிலிருந்து என்னவோ உதிர்ந்து அவர் உதட்டில் விழுந்தது. விதை இல்லை. ரோஸ் நிறத் தூசி. ஈரமாக இருந்தது.

"அப்போ கை உள்ள இருந்தா இங்க விளக்கு காட்டிக் குடுத்துடும்." மேலே அவள் இருக்கையில் நகர்ந்து உட்காரும் சத்தம். "அன்னைக்கும் காட்டியிருக்கும், இல்லையா அண்ணா?"

"இல்லம்மா. அது... நான் பார்க்கல..."

"பார்க்காமலா இருந்த? உன் மூஞ்சிக்கு நேரா இருக்கே."

புரண்டு வெளியே வரப் பார்த்தார். வரவில்லை. சட்டைக் காலரை எதுவோ பிடித்திருந்தது. தகட்டில் மாட்டியிருக்கும். தகடுதான். கையை விட்டுத் தடவினார். தகடு இல்லை. விரல்கள். குழாயிலிருந்து தொங்கிய, உடைந்து தாறுமாறாக மடங்கிய விரல்கள்.

கத்தினார். காலரைக் கிழித்துக்கொண்டு வரப் பார்த்தார்.

"ஒரு வருஷமா உன் சட்டையத் துவைச்சேன். உனக்குச் சோறு போட்டேன்." அவள் குரலில் அழுகை இல்லை. "யாராவது வந்து சொல்ல மாட்டாங்களான்னு தினம் தினம் செத்தேன். கடைசியில அவரே வந்து சொல்லிட்டாரு."

லிவர் கிரீச்சிட்டது.

"நிதானமா துடை அண்ணா."

எண்ணெய் சீறியது. தகடுகள் அசைந்தன. மெதுவாக. மிக மெதுவாக. இறங்கின.

மேலே, குழாயில், ஒரே ஒரு தட்டு.

டொக்.

உரசல் நின்றது. கை காலரை விட்டது. இனிப் பிடிக்க அவசியமில்லை. தகடுகளின் விளிம்பு சட்டைப் பொத்தானைத் தொட்டது. அவர் முகத்துக்கு நேராகக் குழாயின் வாய் வந்து நின்றது, அதற்குள் ஒரு கண். தூசி துளியும் இல்லாத, துடைத்து வைத்த கண். அது இப்போது மினுக்கவில்லை. இமை கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.