நான்கு வெற்றுப் படிவங்கள்

நேசமலர் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பதரை. கிளிநொச்சியில் அந்தச் சிறிய வீட்டின் முன்னால் முத்துலிங்கம் தன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் வாளியை அப்படியே வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப் போனார்.

அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி சிவலட்சுமி முப்பது வருடம் தொழிற்சாலைப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைத்தலங்களில் சுகாதார அறையை எப்படி நடத்துவது என்று தாதிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இப்போது அவருடைய தொழில். இடையிடையே, மற்றவர்களால் அவிழ்க்க முடியாத முடிச்சுகளும் அவரிடம் வரும். முத்துலிங்கம் அவரை ஊரூராக ஏற்றிக்கொண்டு திரிகிறவர். அவருக்கு ஆட்டோ ஓட்டுவது அரை நேர வேலை; ஆட்களைச் சந்தேகப்படுவது முழு நேர வேலை.

"இருங்கோ பிள்ளை. தண்ணியைக் குடிச்சிட்டுக் கதையுங்கோ," என்றார் சிவலட்சுமி.

நேசமலர் தண்ணீரைத் தொடவில்லை. "ரெண்டு மணிக்கு விசாரணை மிஸ். இண்டைக்கு என்னை நிப்பாட்டினால், பிறகு ஒருத்தரும் என்னை நேர்ஸ் எண்டு நம்ப மாட்டினம்."

மாங்குளத்துக்கு அப்பால், காட்டோரத்துக் கருங்கல் ஆலையில் அவள் நான்கு வருடமாகத் தாதி. அங்கே எண்பது தொழிலாளர்கள். பாறையைப் பிளந்து, கிறசர் என்கிற இயந்திரத்தில் போட்டுச் சல்லியாக்குவார்கள். கல்தூசு நெஞ்சில் படிந்தால் பிறகு போகாது. அதனால் ஒவ்வொருவரையும் ஆண்டுதோறும் கருவியில் ஊதச் சொல்லி மூச்சை அளப்பது அவள் பொறுப்பு. இரண்டு கிழமைக்கு முன், கிறசரில் நின்ற சுடலைமுத்து மூச்செடுக்க முடியாமல் விழுந்துவிட்டான். இப்போது வவுனியாவில் ஒட்சிசன் குழாயோடு கிடக்கிறான்.

"அவர் விழ முதலே நான் கண்டுபிடிச்சனான் மிஸ். ஊத வைச்சுப் பார்த்தால் பாதி மூச்சுத்தான் இருந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லீவில போக முதல், வெள்ளிக்கிழமை, இவரைத் தூசில விடக்கூடாது எண்டு கடிதம் எழுதி, படிவத்தையும் சேர்த்து அலுவலகத்தில வைச்சனான். அப்பிடி ஒரு கடிதம் வரவே இல்லை எண்டு இப்ப சொல்லுகினம். அலுவலக பைலில இருக்கிறது இதுதான்."

கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். சுடலைமுத்துவின் பெயர். வயது முப்பத்தெட்டு. உயரம் நூற்று அறுபத்தாறு சென்ரிமீற்றர். மூச்சு நன்று. வேலைக்குத் தகுதி. திகதி அதே வெள்ளிக்கிழமை. கீழே நேசமலரின் கையெழுத்து.

"நீங்கள் குடுத்ததுக்குப் பிரதி இருக்கோ?"

"சுகாதார அறையில பிரதி எடுக்கிற மெசின் இல்லை."

"இது ஆரும் போட்ட கள்ளக் கையெழுத்தோ?"

நேசமலர் தலை குனிந்தாள். "இல்லை. என்ர கையெழுத்துத்தான்."

முத்துலிங்கம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். சிவலட்சுமி காத்திருந்தார்.

"பொங்கலுக்கு நாலு நாள் லீவு. புதுசா ஆரும் வேலைக்கு வந்தால் மறிபடக் கூடாது எண்டு, நாலு வெற்றுப் படிவத்தில கையெழுத்து வைச்சு அலுவலகத்து மேசையில எல்லாரும் இழுத்துத் திறக்கிற லாச்சியில போட்டிட்டுப் போனனான். அந்த லாச்சிக்குப் பூட்டு இல்லை. திரும்பி வரேக்க சுடலைமுத்து விழுந்திட்டார்; அந்தப் பதட்டத்தில படிவங்களைக் கேட்க மறந்து போனன்."

சிவலட்சுமிக்குக் கோபம் வந்தது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். "வெற்றுத் தாளில கையெழுத்து வைக்கிறது வீட்டுத் திறப்பைச் சந்தியில தொங்கவிடுற மாதிரி எண்டு சொன்னனான், என்ன? சரி. ரெண்டாவது பாடம்? மருத்துவ அலுமாரித் திறப்பு?"

"அதைக் காப்பாத்தினனான் மிஸ். மனேஜர் எத்தினையோ தரம் கேட்டவர், குடுக்கேல்லை. ஒண்டு என்னட்ட, மற்றது நிர்வாகத்தில இருக்கிற பிரஷாந்தினியிட்ட. என்னை வீட்டில இருக்கச் சொன்ன அண்டைக்கு என்ர திறப்பை முதலாளி தன்ர கையால வாங்கி வைச்சவர்."

சிவலட்சுமி எழுந்து குடையை எடுத்தார். "வண்டியை எடுங்கோ முத்துலிங்கம்."

ஆலையை அடைய முன்னரே அதன் சத்தம் வந்தது. வாசலில் நின்ற முதிரை மரத்தில் இலை எது, தூசு எது என்று தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவரோடு கதைக்கவும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. ஒரு பெரிய தெருவேலைக்குச் சல்லி அனுப்ப வேண்டுமாம். இன்னும் ஆறு நாள்தான் தவணையாம். கிறசர் சாப்பாட்டு நேரத்திலும் நிற்பதில்லை என்று வாயில் காவலாளி சொன்னார்.

பிரஷாந்தினி முப்பது வயதுப் பெண். கழுத்தில் தொங்கிய நாடாவிலிருந்து திறப்புகளைக் கழற்றிச் சுகாதார அறையையும் மருத்துவ அலுமாரியையும் திறந்தாள். அவள் விரல்கள் நடுங்கியதை முத்துலிங்கம் கவனித்துவிட்டு, சிவலட்சுமிக்குக் கண்ணைக் காட்டினார். வாசற்படியில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே நிலம் கழுவித் துடைத்தது போல இருந்தது. சுவரில் உயரம் அளக்கும் கோடுகள். அதன் கீழே வெறுங்கால்கள் பட்டுப் பட்டுச் சீமெந்து மழமழத்துப் போயிருந்தது.

அலுமாரியில் சுடலைமுத்துவின் கோவை முதல் தட்டிலேயே இருந்தது. போன மூன்று வருடப் படிவங்கள். சிவலட்சுமி ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றிலும் உயரம் நூற்று அறுபத்திரண்டு.

"முப்பத்தெட்டு வயசில ஆள் வளர்ந்திருக்கிறான்," என்று முத்துலிங்கம் சிரித்தார். பிறகு, தான் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று பட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"இந்த அலுமாரியை ஆரும் அண்மையில திறந்தவையோ பிள்ளை?"

"இல்லை அம்மா," என்றாள் பிரஷாந்தினி. "திறக்கிறதெண்டால் நான்தான் திறக்க வேணும். என்னை ஒருத்தரும் கேட்கேல்லை."

அங்கிருந்து பண்டகசாலைக்குப் போனார்கள். பொறுப்பாளர் சின்னராசா பாறையிலும் கிறசரிலும் ஏறுகிறவர்களுக்குப் பாதுகாப்பு பெல்ட் கொடுக்கிறவர். எப்படி அளவு பார்ப்பீர்கள் என்று சிவலட்சுமி கேட்டதும், முத்துலிங்கத்தின் தோளைப் பிடித்துக் கதவுநிலையோடு நிறுத்தினார். முத்துலிங்கம் மரியாதைக்குச் செருப்பைக் கழற்றப் போனார்.

"கழட்டாதையுங்கோ," என்றார் சின்னராசா. "பாறையில ஏறுறவன் சப்பாத்தோடதானே ஏறுவான். சப்பாத்தோட அளந்தால்தான் பெல்ட் சரியா நிக்கும்."

"அந்த அளவை எழுதி வைக்கிறனீங்களோ?"

"ஓம், பெல்ட் கொப்பியில. ஆனால் கொப்பி இஞ்ச இல்லை. அது எப்பவும் மனேஜற்ர மேசையில இருக்கும்."

ஆட்டோ நிழலில் நின்றது. முத்துலிங்கம் தன் முடிவைச் சொல்லிவிட்டார். "பிரஷாந்தினிதான் அக்கா. திறப்பு அவாட்ட. லாச்சி அவாட மேசைக்குப் பக்கத்தில. கை நடுங்கினதைப் பார்த்தீங்கள்தானே? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்."

"திறப்பு அவாட்ட இருக்கு எண்டதை மறந்திடாதையுங்கோ. அது முக்கியம்," என்றார் சிவலட்சுமி. முத்துலிங்கம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு முதலாளியின் அறையில் கூடினார்கள். ராஜரத்தினம் மேசைக்குப் பின்னால் இருந்தார். கலங்கிப்போன மனிதர், ஆனால் கெட்டவர் அல்ல. ஒரு பக்கம் ஆலை மனேஜர் சுதாகரன், மறு பக்கம் பிரஷாந்தினி. நேசமலர் கதவருகே நின்றாள். அவளை இருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முத்துலிங்கம்தான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இதில விசாரிக்க என்ன இருக்கு?" என்றார் சுதாகரன். கிறசரின் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய குரல். "படிவத்தில அவாட கையெழுத்து. ஆள் விழுந்த பிறகுதான் கடிதக் கதை வருது. எனக்கு எங்கட நேர்ஸ் மிஸ்ஸியில கோபம் இல்லை. ஆனால் ஒரு உயிர்."

"உயிர்தான் விசயம்," என்றார் சிவலட்சுமி. "கையெழுத்து மிஸ்ஸியின்ரதான். கையெழுத்துக்கு மேல இருக்கிறதை ஆர் எழுதினது எண்டுதான் நான் பார்க்க வந்தனான்."

வெற்றுப் படிவங்களின் கதையை நேசமலரே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது அவள் முகம் சிவந்தது. ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப ஆரும் எழுதியிருக்கலாம்," என்றார்.

"ஆரும் எழுதேலாது ஐயா. இந்தப் படிவத்தில உயரம் நூற்றி அறுபத்தாறு. மிஸ்ஸியின்ர அறையில செருப்போட ஒருத்தரும் கால் வைக்கிறதில்லை. அங்க மூண்டு வருசமா சுடலைமுத்துவின்ர உயரம் நூற்றி அறுபத்திரண்டு. அவா எழுதியிருந்தால் நாலாவது வருசமும் அதைத்தான் எழுதியிருப்பா."

சுதாகரன் தோளைக் குலுக்கினார். "எழுத்துப் பிழை."

"இருக்கலாம். அப்ப பிரஷாந்தினியைப் பார்ப்பம். அவாவில சந்தேகப்பட்ட ஒருத்தர் இந்த அறையிலயே இருக்கிறார்." முத்துலிங்கம் கூரையைப் பார்த்தார். "லாச்சியில இருந்து படிவத்தை எடுக்க அவாவால முடியும். ஆனால் அவாட கழுத்தில அலுமாரித் திறப்புத் தொங்குது. சுடலைமுத்துவின்ர உயரம் வேணுமெண்டால் அலுமாரியைத் திறந்து, போன வருசப் படிவத்தைப் பார்த்து எழுத ஒரு நிமிசம் போதும். முதலாளிக்கும் அப்பிடித்தான், மற்றத் திறப்பு அவரிட்ட. இதை எழுதினவருக்கு உயரம் தேவைப்பட்டது, ஆனால் அலுமாரி திறக்கேலாது. அதால வேற இடத்தில தேடினவர்."

பிரஷாந்தினி மெல்ல நாடாவைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நேரமும் அவள் பயந்துகொண்டிருந்தது அந்தத் திறப்புக்காகத்தான்.

"சப்பாத்தோட ஆக்களை அளக்கிற இடம் இந்த ஆலையில ஒண்டுதான் இருக்கு. அந்த அளவு எழுதியிருக்கிற கொப்பியும் ஒண்டுதான். தம்பி சுதாகரன், பெல்ட் கொப்பியை ஒருக்கா எடுத்துத் தாறீங்களோ?"

சுதாகரன் அசையவில்லை. ராஜரத்தினம் தானே எழுந்து அடுத்த அறைக்குப் போய், கொப்பியோடு திரும்பி வந்தார். பக்கத்தைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. சுடலைமுத்து, நூற்று அறுபத்தாறு.

கிறசர் சல்லியைக் கொட்டிக்கொண்டே இருந்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை அதிர்ந்தது.

"கடிதம் வந்தது," என்றார் சுதாகரன் கடைசியில். இப்போது குரல் கேட்கவே இல்லை. எல்லோரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "கிறசரில பழகின ஆள் அவன் ஒருத்தன்தான். ஓடர் முடிஞ்ச உடனை அனுப்புவம் எண்டு நினைச்சுக் கிழிச்சனான். அவன் விழுவான் எண்டு நினைக்கேல்லை. விழுந்த பிறகு முதலாளி படிவத்தைக் கேட்டவர். லாச்சிக்குள்ள இது கிடந்தது."

ராஜரத்தினம் கொப்பியை மூடி வைத்தார். பிறகு நேசமலரைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை. உங்கட வேலை உங்களுக்குத்தான்." முத்துலிங்கம் பெருமூச்சு விட்டார். அவரைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது.

நேசமலர் மட்டும் கதிரையை விட்டு எழுந்து நின்றாள். தப்பிவிட்ட சந்தோசம் அவள் முகத்தில் இல்லை. "நான் நாலு படிவத்தில கையெழுத்து வைச்சனான்," என்றாள். "மற்ற மூண்டும் எங்க?"

பிரஷாந்தினி ஓடிப்போய் லாச்சியை இழுத்துப் பார்த்தாள். வெறும் லாச்சி. பிறகு அலுவலகக் கோவையை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் விரித்தாள். கடைசியாகச் சேர்த்த மூன்று தாள்கள். யதுர்ஷன், சஜீவன், செந்தூரன். மூவருக்கும் மூச்சு நன்று; மூவரும் வேலைக்குத் தகுதி. திகதிகள் நேசமலரை வீட்டில் இருக்கச் சொன்னதற்குப் பிந்தியவை.

"இவையைத் தூசுப் பக்கமே விடக்கூடாது எண்டு போன வருசம் எழுதிக் குடுத்தனான். வெளியில லொறி கழுவுற வேலைக்கு மாத்தினது." அவள் சுதாகரன் பக்கம் திரும்பினாள். "இப்ப எங்க நிக்கினம்?"

சுதாகரன் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

நேசமலர் ஓடவில்லை, ஆனால் அவளை எட்டிப் பிடிக்க முத்துலிங்கம் ஓட வேண்டியிருந்தது. வெண்தூசுக்குள் மூன்று உருவங்கள் குனிந்து நின்றன. கிறசரின் மின் ஆளிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று நான்கு வருடமாக அவளுக்குத் தெரியும். யாருடைய அனுமதியையும் கேட்காமல் பிடியைக் கீழே இழுத்தாள். பின்னால் வந்த ராஜரத்தினம் மறிக்கவில்லை.

இயந்திரம் முனகி, இழுத்து, நின்றது. பல நாளாக அந்த இடத்தில் இல்லாத அமைதி. அதற்குள், காலையிலிருந்து யாருக்கும் கேட்காதது கேட்டது. தூசுக்குள் நின்ற மூவரும் இருமிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிறுத்த மற்றவன் தொடங்கினான்.

பிரஷாந்தினி நீட்டிய திறப்பால் அவள் சுகாதார அறையைத் திறந்து, சுவர்க்கோட்டின் கீழ் நிலத்தை ஒரு துணியால் துடைத்தாள். ஊதும் கருவியை மேசையில் வைத்தாள். ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, கையெழுத்து இடத்தைத் தொடாமல், மேலிருந்து எழுதத் தொடங்கினாள். மூவரும் வாசலில் தயங்கி நின்றார்கள்.

"சப்பாத்தைக் கழட்டிப் போட்டு உள்ளுக்கு வாங்கோ," என்றாள் நேசமலர்.