அங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு உம்மு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கோபம் வந்தால் உம்மென்று இருப்பாள் என்பதால் சித்தி வைத்த பெயர் அது. அன்றைய கோபமும் சித்தி மேல்தான். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே சீப்பில் தலைவாரி, இத்தனை வருடம் கூடவே இருந்துவிட்டு, வேலை கிடைத்ததென்று கடலுக்கு அந்தப் பக்கம் கிளம்பினால் யாருக்குத்தான் கோபம் வராது?

சித்தி கதவைத் தட்டினாள். கார் வந்துவிட்டது என்றாள். மறுபடி தட்டினாள். உம்முவின் கை தாழ்ப்பாள் மேலேயே இருந்தது. இன்னும் ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் கார்க் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

இரவு சாப்பிடும்போது, சித்தி போகிற ஊர் எவ்வளவு தூரம் என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். அப்பா பஸ் ஓட்டுபவர். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் பதினான்கு மணி நேரம் என்றார்.

“உங்க பஸ்ஸுல?”

“ஒரு மாசம் ஆகும். அதுவும் பஸ்ஸுக்கு நீச்சல் தெரிஞ்சாத்தான்.”

அம்மா சிரித்தாள். உம்முவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு மணி நேரமும் சித்தி அந்தச் சாத்திய கதவையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ? ஒரு ‘போயிட்டு வா’ சொல்லியிருக்கலாம். பாதிச் சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, உம்மு பள்ளிக்குக் கிளம்பி ஒரு காலில் ஷூ மாட்டியிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. சித்தி இறங்கிவிட்டாள். அங்கே ஞாயிறு மதியம் இரண்டு மணியாம்.

நேற்று மாலை ஆறு மணிக்குப் பறந்த விமானம் நேற்று மதியமே எப்படிப் போய்ச் சேரும்? உலகத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நம் ஊருக்குத்தான் சூரியன் முதலில் வந்துவிடுகிறது, அங்கே போய்ச் சேர அதற்கு நேரமாகும், அதனால் அங்கே இன்னும் நேற்றுதான் என்று அப்பா விளக்கினார்.

உம்மு இன்னொரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு போனை வாங்கினாள்.

“சித்தி, அங்க மணி ரெண்டுதானே?”

“ஆமாடி.”

“நான் மூணு மணிக்குத்தான் கதவைச் சாத்தினேன்.”

உம்மு கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தாள்.

“அப்ப அங்க நான் இன்னும் கோவிச்சுக்கவே இல்ல.”

சித்தியின் குரல் கரகரவென்று வந்தது. “அட, ஆமா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே.”

“அதுக்குள்ள சொல்லிடறேன். போயிட்டு வா சித்தி.”

“போயிட்டு வரேன்டி தங்கம்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டே சித்தி கேட்டாள்: “மூணு மணி ஆனதும் மறுபடி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியா?”

உம்மு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அங்கே மூன்று ஆகும்போது இங்கே ஒன்பது.

“முடியாது சித்தி. அப்ப எனக்குக் கணக்கு டெஸ்ட்.”