தொட்டியருகே நின்றவர்

காலை 6.10. சமயநல்லூருக்கு மேற்கே, தன் கொட்டகையில் கறவைப் பசு செத்துக் கிடப்பதைக் காசிமாயன் பார்த்தார். அது கன்று ஈன்று ஒன்பதே நாள் ஆகியிருந்தது.

6.40-க்குள் அவரும் ஊர் ஆண்கள் சிலரும் பக்கத்துத் தோட்டத்து மொக்கைச்சாமியை அடித்துப் போட்டுவிட்டார்கள். முந்தின சாயங்காலம் அவர் வாளியோடு தீவனத் தொட்டியருகே நின்றதைக் காசிமாயன் பார்த்திருந்தார். அடிப்பதற்கு அது போதுமானதாக இருந்தது.

9.15-க்குக் கால்நடை மருத்துவர் இசைவாணி வந்தபோது, மொக்கைச்சாமி மதுரையில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். எஸ்.ஐ. அழகுபாண்டி ஒரு பூச்சிமருந்து பாட்டிலைக் காட்டினார்.

"அவன் வீட்ல எடுத்தது மேடம். பாதி காலி. விஷம்னு எழுதிக் குடுத்துட்டா கேஸ் முடிஞ்சிரும்."

"வெள்ளாமை பாக்குற எல்லார் வீட்லயும் இது இருக்கும் சார். மொதல்ல மாட்டைப் பாக்குறேன்."

அவள் விலாவை அழுத்திப் பார்த்தாள். எலும்பு தட்டுப்படவில்லை. வாலடியில் இருபுறமும் கொழுப்பு மெத்தையாகத் திரண்டிருந்தது.

"என்ன தீனி போட்டீங்க?" என்று காசிமாயனிடம் கேட்டாள்.

"எம் புள்ளைக்குக்கூட அப்படிச் செஞ்சதில்ல டாக்டரம்மா. பால் வத்துன ரெண்டு மாசமும் அரிசிக்கஞ்சி, மக்காச்சோளம், புண்ணாக்கு. கொட்டகையை விட்டு எறக்கல. யானைக்குட்டி மாதிரி இருந்துச்சு."

"கன்னு போட்ட பெறகு?"

"ஆறு லிட்டருக்கு மேல கறக்கல. நாலு நாளா தீனியில வாயே வைக்கல. தானா சரியாயிரும்னு இருந்தேன்."

தொட்டி கழுவப்பட்டிருந்தது. உள்ளே பச்சைப்புல் கலையாமல் கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால், வாய்க்காலில் கொட்டியிருந்த புளித்த கஞ்சியை மூன்று கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

"இது எங்க இருந்த கஞ்சி?"

"நேத்து வரைக்கும் தொட்டியில கெடந்தது. நான் கொட்டல."

11.30. பிரேதப் பரிசோதனை. ஈரல் வீங்கி, வெண்ணெய்போல் மஞ்சளாக இருந்தது. ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் வாளியில் போட்டாள். அது மிதந்தது. இரைப்பையில் புதிதாகத் தின்ற தீவனம் எதுவுமே இல்லை.

இசைவாணி கையுறையைக் கழற்றினாள்.

"மாதிரியை லேபுக்கு அனுப்புறேன் சார். ஆனா யாரும் விஷம் வைக்கல. நாலு நாளாத் திங்காத மாட்டுக்குத் தீவனத் தொட்டி வழியா எப்படி விஷம் போகும்?"

"அப்ப வாளியோட என்ன செஞ்சான்?"

"புளிச்ச கஞ்சியை அள்ளிக் கொட்டிட்டு, தொட்டியைக் கழுவிப் புல்லு போட்டிருக்காரு. அந்தக் கஞ்சியைத் தின்ன கோழி நல்லாத்தான் மேயுது."

காசிமாயன் எழுந்தார். "அப்ப எம் மாட்டைக் கொன்னது யாரு?"

"உங்க தீனிதான். வத்துன காலத்துல மாடு அளவான உடம்போட இருக்கணும். லேசா அழுத்துனா விலா கையில தட்டுப்படணும். இம்புட்டுக் கொழுத்த மாடு கன்னு போட்டா அதுக்குப் பசி எடுக்காது. தீனி இல்லாம பால் சுரக்குறப்ப, உடம்புக் கொழுப்பு கரைஞ்சு ஈரல்ல போய் அடையும். அதான் ஈரல் தண்ணியில மெதந்துச்சு. பாலும் கொறையும், ஈரலும் போயிரும். மொத நாளே கூப்பிட்டிருந்தா வைத்தியம் பாத்திருக்கலாம்."

காசிமாயன் கழுவிய தொட்டியைப் பார்த்தார்.

"போன மாசமே மொக்கைச்சாமி சொன்னான். 'அண்ணே, கொழுப்பு ஏறுது, தீனியக் கொறைங்க, கொஞ்சம் நடக்க விடுங்க'ன்னான். பொறாமையில சொல்றான்னு நெனச்சேன்."

1.05. அழகுபாண்டியின் செல்போன் அடித்தது. கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"மொக்கைச்சாமி போயிட்டாரு."

அழகுபாண்டி, மாட்டுக்கு விஷம் வைத்ததாக எழுதியிருந்த புகாரைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார்.

"மொத அடி யாரு அடிச்சது?"

கொட்டகை வாசலில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகத் தலைகுனிந்தார்கள்.

"எம் பேரை எழுதுங்க சார்," என்றார் காசிமாயன்.