அடுப்படியில் எடுத்த படம்

காலை 6:40.

மலைமுதுகில் விட்டுவந்த விருந்தாளியைத் திரும்ப அழைத்துவரப் போன துகிஜான், அங்கே டிரைபாடை மட்டும் பார்த்தார். அதன் தலையில் கேமரா இருந்தது. டார்ச் விளக்கு ஒரு காலில் தொங்கியது. ஆளைக் காணவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தார். மூடுபனி குரலை விழுங்கிவிட்டது. ஏழு மணிவாக்கில் பனி ஒரு முழம் விலகியது. அறுபதடி கீழே, முட்டைக்கோஸ் பாத்தியின் ஓரமாக, நீலக் குளிர்சட்டை ஒன்று தெரிந்தது. அது அசையவில்லை. பனி மறுபடி மூடிக்கொண்டது.

இறந்தவர் ஹெண்டார்தோ. வயது அறுபத்தொன்று. யோக்யகர்த்தாவிலிருந்து வருடாவருடம் இந்த டியெங் மேட்டுநிலத்துக்கு வந்து விடியலைப் படமெடுத்துப் போகிறவர்.

காலை 8:30.

இன்ஸ்பெக்டர் ரத்மினி ஜீப்பிலிருந்து இறங்கியபோது ஊர் இருக்கும் இடமே தெரியவில்லை. உருளைக்கிழங்கு வயல்களும் கூரைகளும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்திருந்தன. எங்கோ ஒரு சேவல் நேரம் தெரியாமல் கூவியது.

"வேலை சுலபம் இபு," என்றார் கான்ஸ்டபிள் வகிமின், கைகளைத் தேய்த்துக்கொண்டே. மரியாதைக்குரிய பெண்ணை அங்கே இபு, அம்மா என்று அழைப்பார்கள். "அவரைக் கடைசியா பார்த்தது துகிஜான். நேத்து சாயங்காலம் ரெண்டு பேருக்கும் சண்டை. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கு. கையோட கூட்டிட்டுப் போயிடலாம்."

"குளிருதுன்னு சொல்லு. ஒரு ஆளை உள்ள தள்ளித்தான் நீ சூடேறணுமா?"

துகிஜானும் அவர் மனைவி சுமினாவும் நடத்தும் தங்கும் விடுதி அது. மூன்று அறைகள், ஒரு கூடம், பின்னால் அடுப்படி. ரத்மினி நேராக அடுப்படிக்குள் நுழைந்தார். விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய பானையில் தண்ணீர் கொதித்தது. வாசலைத் தாண்டியதும் அவர் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. முக்காட்டின் நுனியால் துடைத்தார். மறுபடி வெளுத்தது. மறுபடி துடைத்தார்.

"விட்டுடுங்க இபு," என்றாள் சுமினா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "இங்க வந்தா கொஞ்ச நேரத்துக்கு எல்லாரும் குருடுதான். உக்காருங்க, தானா சரியாயிடும்."

உட்கார்ந்தார். பார்வை மெல்லத் திரும்பியது. அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். சோளக்கதிர்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கேமராப் பை.

"அது என்ன, சோளத்தோட?"

"அறையில வெச்சா ஈரத்துல லென்ஸ் பூஞ்சை பிடிக்குதாம். அதனால படம் எடுக்க வர்றவங்க எல்லாரும் ராத்திரி இங்கதான் வைப்பாங்க. விடியக்காலை எடுத்துட்டுப் போவாங்க. அது பீமோ மாஸோடது. இங்க தங்கியிருக்கற இன்னொரு படக்காரர்."

"காலையில யார் எப்பக் கிளம்பினாங்க?"

"நாலேகாலுக்கு ஹெண்டார்தோ ஐயாவும் என் வீட்டுக்காரரும். மலைமுதுகுக்கு. பீமோ மாஸ் தனியா, ஏரிப்பக்கம். நான் தொழுகையில இருந்தேன். பையைத் தோள்ல மாட்டிட்டு அவர் வாசல் தாண்டறதைப் பார்த்தேன்."

"திரும்பி வந்தது?"

"ஆறு இருபது இருக்கும். நான் அடுப்பு ஊதிட்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால படம் எடுக்கற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அப்பதான் அவர் வந்ததே தெரியும்." சுமினா மூக்கைச் சிந்தினாள். "நேத்தும் ஏரிக்குத்தான் போனார். ஆனா நேத்து வந்ததும் பையைத் தொடக்கூட இல்ல. சாப்பிட்டு முடிச்சு, அரை மணி கழிச்சுத்தான் திறந்தார். இன்னிக்கு என்னவோ என் மூஞ்சி அழகாத் தெரிஞ்சிருக்கு போல."

காலை 8:55. கூடம்.

சுமினா மாஸ், அதாவது அண்ணன், என்று மரியாதையாகச் சொன்ன பீமோவுக்கு முப்பத்தாறு வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன. அவன் தலைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய படம் சட்டமிட்டுத் தொங்கியது. பனிக்கடல், அதில் கழுத்துவரை மூழ்கிய ஒற்றை மரம், மரத்துக்குப் பின்னால் இன்னும் பிறக்காத சூரியன். பார்க்கப் பார்க்க யாரோ காத்திருப்பதுபோல இருந்தது. கீழே பீமோவின் கையெழுத்தும் ஆகஸ்ட் பதினான்கு என்ற தேதியும்.

"பரிசு வாங்கின படம்," என்றான் பீமோ. "ரெண்டு வருஷம் ஆச்சு. ஹெண்டார்தோ எனக்கு குரு மாதிரி இபு. இதை என்னால நம்பவே முடியல."

"எங்க இருந்தீங்க?"

"ஏரியில. அஞ்சு மணியிலருந்து அஞ்சே முக்கால் வரைக்கும். இந்தாங்க." கேமராவை நீட்டினான். பின்பக்கத் திரையில் நாணல்கள், பனி, ஒரு படகின் மூக்கு. ஒவ்வொன்றிலும் இன்றைய தேதி. 5:10. 5:24. 5:43. மலைமுதுகுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது ஏரி.

கடைசிப் படம் 6:21. அடுப்பு ஊதும் சுமினா. ஒவ்வொரு இமைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. தீப்பொறிகள் ஊசிமுனை போலக் கூர்மையாக இருந்தன.

"அழகா இருக்கு," என்றார் ரத்மினி.

"உள்ள நுழைஞ்சதும் அந்த வெளிச்சம் பிடிச்சுது. கழுத்துல கிடந்த கேமராவை அப்படியே தூக்கி ஒரு கிளிக்."

"பையில இல்லையா?"

"இல்ல. வழியெல்லாம் கழுத்துலதான். எப்ப என்ன கிடைக்கும்னு தெரியாதே."

ரத்மினி தலையாட்டினார். "இது கொஞ்ச நேரம் எங்ககிட்ட இருக்கட்டும்."

காலை 9:10. கொல்லை.

துகிஜான் சேற்றுக்காலோடு குந்தியிருந்தார். ஐம்பது வயது, தடித்த விரல்கள்.

"அவரை எத்தனை மணிக்கு விட்டீங்க பாக்?" என்றார் ரத்மினி, ஐயா என்ற மரியாதையோடு.

"அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்போ. அப்புறம் என் வயலுக்குப் போனேன். தண்ணிக்குழாய் திறக்கணும்."

"யாராவது பார்த்தாங்களா?"

"இந்தப் பனியிலயா?"

"நேத்து எதுக்குச் சண்டை?"

அவர் மண்ணைப் பார்த்தார். "பழைய விஷயம். என் பேரை இழுக்காதீங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"எதுல இழுக்க வேண்டாம்னு?"

துகிஜான் காலில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினார். வகிமின் ரத்மினியைப் பார்த்து, நான் அப்பவே சொன்னேனே என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். கொல்லைக் கதவருகே நின்ற சுமினா கதவுக்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

காலை 9:50. மலைமுதுகு.

பீமோவின் கேமராவை ரத்மினி வகிமினின் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். ஏற்றம் முழுக்க அவர் முனகினார். "கன்னுக்குட்டிக்கு மணி கட்டின மாதிரி இருக்கு இபு. ஜீப்லயே வெச்சிருக்கலாமே?"

"தொங்கட்டும். அதுக்கும் காத்து வேணும்."

ஹெண்டார்தோவின் கேமராவில் கடைசிப் படம் 5:12க்கு எடுத்தது. வெறும் பனி. அதில் ஒரு மரம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டிரைபாடிலிருந்து நாலடி தள்ளி, விளிம்பில், இரண்டு கோடுகள் புல்லைக் கிழித்திருந்தன.

"வழுக்கி விழுந்தவர்தானே?" என்றார் வகிமின்.

"பள்ளத்தைப் பார்த்துப் படம் எடுக்கறவர் வழுக்கினா முன்னால போவார். இது குதிகால் இழுத்த தடம். பள்ளத்துக்கு முதுகு காட்டி நின்னிருக்கார். எதிர்ல யாரோ இருந்திருக்காங்க."

"துகிஜான்."

"இருக்கலாம்," என்றார் ரத்மினி. வெகுநேரம் அந்தப் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியே இல்லாத ஒரு வெளிக்குள் ஒரு மனிதர் பின்பக்கமாக நடந்து போனதுபோல இருந்தது அவருக்கு.

காலை 11:05. அடுப்படி.

எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார். தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தமுறை ரத்மினி வாசலிலேயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வகிமின், சுமினா அக்காவை அடுப்போட ஒரு படம் எடு."

"எனக்கா? எனக்குத் தெரியாதே."

"கண்ணை வெச்சு அமுக்கு. போதும்."

வகிமின் கேமராவைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். "ஒரே வெள்ளையா இருக்கு இபு. மூடுபனி நம்மகூட உள்ளயும் வந்துடுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. பீமோ கேமராவையே பார்த்தான். லென்சின் முகம் பால் ஊற்றினாற்போல வெளுத்திருந்தது.

"மாஸ், நீங்களே துடைச்சுக் கொடுங்க," என்று ரத்மினி ஒரு துணியை நீட்டினார்.

அவன் துடைத்தான். கண்ணாடி ஒரு கணம் கறுத்து, மறுபடி வெளுத்தது. மறுபடி துடைத்தான். மறுபடி வெளுத்தது. மூன்றாவது தடவை துணி பாதியிலேயே நின்றது.

"ரெண்டு மணி நேரக் குளிர்ல இருந்த கண்ணாடி இந்த ஆவிக்குள்ள வந்தா இப்படித்தான் ஆகும். என் மூக்குக்கண்ணாடிக்கும் இதேதான் ஆச்சு. உங்களுக்கு இது தெரியாதா? நேத்து அரை மணி பையைத் திறக்காம உக்காந்திருந்தீங்களே. இன்னிக்கு மட்டும் உள்ள நுழைஞ்சதும் கழுத்துல கிடந்ததைத் தூக்கிக் கிளிக். இமைமுடி எண்ணலாம், அவ்வளவு தெளிவு."

"இன்னிக்கு... பனி அவ்வளவா..."

"இந்தக் கேமரா இன்னிக்குக் காலையில வெளிய போகவே இல்ல. பரண்ல சோளத்துக்குப் பின்னால சூடா இருந்துச்சு. நீங்க வெறும் பையை மாட்டிட்டுப் போனீங்க. திரும்பி வந்து, சுமினா அக்கா அடுப்பு ஊதறப்ப அதை எடுத்தீங்க. ஏரியிலருந்து இப்பத்தான் வர்றேன்னு காட்டறதுக்கு ஒரு படமும் எடுத்தீங்க. அந்த ஒரு படத்தை எடுக்காம இருந்திருந்தா எனக்குச் சந்தேகமே வந்திருக்காது."

"தேதி இருக்கே," என்றான் பீமோ மெதுவாக.

"கேமராவுக்குத் தேதி சொல்றது நாமதானே. ஏரிப் படமெல்லாம் நேத்து எடுத்தது. ஒரு நாள் தள்ளி வெச்சுட்டு எடுத்திருக்கீங்க, அப்புறம் சரியாத் திருப்பி வெச்சுட்டீங்க. அப்படின்னா நேத்துக் காலையிலயே முடிவு பண்ணிட்டீங்க. ஏன்னுதான் எனக்குப் புரியல."

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. சுமினா கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். அவள் கேட்கவில்லை.

"கூடத்துல இருக்கே அந்தப் படம்," என்றாள். "அதுல போட்டிருக்கற தேதி என் தம்பி கல்யாண நாள். அன்னிக்கு பீமோ மாஸுக்குக் காய்ச்சல். என் போர்வையைப் போத்திட்டு இதே அடுப்புப் பக்கம் சுருண்டு கிடந்தார். வெளிச்சம் வீணாப் போகுதேன்னு புலம்பினார். கேமராவை என் வீட்டுக்காரர் கையில கொடுத்து அனுப்பினார். படத்தை எடுத்தது என் வீட்டுக்காரர்தான் இபு. முந்தாநாள் பேச்சுவாக்குல ஹெண்டார்தோ ஐயாகிட்ட இவர் சொல்லிட்டார். பத்திரிகையில எழுதப்போறேன்னு அவர் நின்னார். வேண்டாம்னு நேத்து இவர் கத்தினார். அதான் சண்டை."

ரத்மினி பீமோவின் பக்கம் திரும்பினார்.

"என் கேமரா," என்றான் பீமோ. யாரையும் பார்க்காமல் பேசினான். "என் லென்ஸ். அந்த இடத்தைக் கண்டுபிடிச்சவன் நான். மூணு வருஷம் அந்த மரத்துக்காக ஏறியிருக்கேன். துகிஜான் பட்டனை அமுக்கினார், அவ்வளவுதான். இதைத்தான் மேல போய் ஹெண்டார்தோகிட்ட சொன்னேன். முந்தாநாள் ராத்திரியே எழுதப்போறேன்னு என்கிட்ட சொல்லியிருந்தார். எல்லாருக்கும் தெரியணும் பீமோன்னார். தோள்ல கை வெச்சுச் சொன்னார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்." கையிலிருந்த துணியை மடித்தான். "அதுக்கப்புறம் தள்ளினேன்."

வகிமின் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்தார், அது சுடுவதுபோல.

பகல் 12:20.

ஜீப் பீமோவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ரத்மினி அடுப்படியிலேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினார். வெளியே பனி இன்னும் விலகவில்லை. இன்று விலகாது போலிருந்தது.

துகிஜான் கூடத்திலிருந்து அந்தப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்துவைத்தார்.

"இபு, ஒரு உதவி. அதை நான் எடுத்தேன்னு எழுதாதீங்க. ஒரு ஆளைக் கொன்ன படம் அது."

"காரணம் எழுதாம வழக்கு நிக்காது பாக். படம் எடுத்தவர் பேர் வேணும்."

அவர் வாசல்வரை போனார். வயல் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார். அங்கே வெண்மையைத் தவிர ஒன்றும் இல்லை.

ரத்மினி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

சுமினா எழுந்துபோய்ப் படத்தைத் திருப்பிவைத்தாள். சட்டத்தின் கண்ணாடியில் அடுப்பின் ஆவி ஏறி மரம் மறையத் தொடங்கியிருந்தது. புடவை போலச் சுற்றியிருந்த பருத்தித்துணியின் நுனியால் அதைத் துடைத்தாள்.

"துகிஜான்," என்றாள். "எழுதிக்குங்க இபு. துகிஜான்."