நடுவில் நின்ற குரல்

குரல் இடப்பக்கப் பெட்டியிலிருந்தும் வரவில்லை, வலப்பக்கப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவருக்கு ஒரு முழம் முன்னால், ஆள் உயரத்தில் நின்று பாடியது.

"நல்ல ஜோடி சார்," என்றார் விற்பவர். "ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா நடுவுல ஆள் நிக்கற மாதிரி கேக்கும். எங்க வீட்டுல புருஷன் பொண்டாட்டிக்கே அது அமையல."

அவன் சிரிக்கவில்லை. பழைய ஸ்பீக்கர் தேடி அவன் படியேறிய ஐந்தாவது வீடு இது. ஒரு வீட்டில் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் விரல் பட்டதும் உதிர்ந்தது. இன்னொன்றில் ஜோடி என்று காட்டியவை ஜோடியே இல்லை. எல்லா இடத்திலும் அவன் ஒரே பதிவைத்தான் போட்டுப் பார்த்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மனைவி பாடிய தாலாட்டு. அதில் எங்கே வளையல் இடிக்கும், எங்கே மூச்சு வாங்கும், பின்னால் ஃப்ரிட்ஜ் எப்போது உறுமத் தொடங்கும் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். கடைசியில் நான்கு வினாடி மௌனம்.

இன்று அந்த மௌனத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"ஏங்க."

அவன் மறுபடி போட்டான். மறுபடியும், "ஏங்க."

"இது யாரோடது?" என்று கேட்டான்.

"எங்க அக்கா வீட்டுக்காரரோடது. எந்நேரமும் இதுக்கு முன்னாடிதான். அக்கா கூப்பிட்டா 'இரு, வரேன்'பார். தட்டுல சோறு காஞ்சு போகும்." விற்பவர் ஒயரைச் சுருட்டினார். "அக்கா போயாச்சு. அவர் இப்ப எங்ககூட இருக்கார். யாரும் கூப்பிடாமலே 'இரு, வரேன்'னு சொல்லிக்கிட்டிருக்கார். அதான் சார், இது வீட்டுல வேணாம்னு பார்க்கறேன்."

அவன் வாங்கிக்கொண்டான்.

ஸ்பீக்கர் கேட்டது மகள்தான். அம்மா போன இரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள். "டிவி சத்தம் டப்பாவுக்குள்ள கத்தற மாதிரி இருக்குப்பா. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து படம் பார்க்கலாம்ல." அவளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் குட்டி.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவனே கழற்றி எறிந்துவிட்டான். குட்டி குளிக்கப் போனால் நிமிஷத்துக்கு ஒரு தரம் "அப்பா" என்பாள். அவன் எங்கே இருந்தாலும் "ம்" என்பான். ஒரு தரம் அவள் குரல் வரத் தவறினாலும் அவன் கதவருகே நிற்பான். அம்மா அந்தத் தரையில்தான் வழுக்கி விழுந்தாள். எத்தனை முறை கூப்பிட்டாளோ தெரியாது. அவன் அடுத்த அறையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அவசரத்தில் ஒரு பெட்டியின் ஒயரை மாற்றிச் செருகிவிட்டான். தாலாட்டு தொடங்கியதும் குரலுக்கு இடமில்லாமல் போயிற்று. ஜன்னல் பக்கம் கேட்டது. பிறகு நடையில். பிறகு அவர்கள் முதுகுக்குப் பின்னால்.

"அம்மா சமையல்கட்டுல நின்னு பாடற மாதிரி இருக்கு," என்றாள் குட்டி. கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஒயர் தப்பு," என்று அவன் மாற்றிச் செருகினான். அலைந்த குரல் வந்து சேர்ந்தது. நடுவில் நின்றது.

பாட்டு முடிந்தது.

"கேட்டியா?" என்றான் மெதுவாக. "என்னைக் கூப்பிடறா."

அவள் முகம் வெளிறியிருந்தது. "உங்களை இல்லப்பா. 'குட்டி'ங்கறாங்க."

"'ஏங்க'ன்னுல்ல கேக்குது."

"'குட்டி, வா'ன்னு கேக்குது. எனக்கு இது வேணாம்பா. திருப்பிக் கொடுத்துருங்க."

"நீதானே கேட்ட?"

"படம் பார்க்கக் கேட்டேன்."

கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் அவள் பள்ளிக்குப் போன பிறகு ஒலியை ஒரு புள்ளி கூட்டிப் பார்த்தான். "ஏங்க, கொஞ்சம்." மறுநாள் இன்னொரு புள்ளி. "ஏங்க, கொஞ்சம் வாங்களேன்." மனைவியின் குரலில் கோபமில்லை. பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல்தான் இருந்தது. அதற்கப்புறமும் ஏதோ இருந்தது. உதடு பிரியும் ஓசை வரை கேட்டது, சொல் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் கேட்காமல் விட்டதை எல்லாம் கடைசிச் சொல்வரை கேட்டுவிட வேண்டும். அதற்குமேல் அவனுக்கு எதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை. நல்ல பகல் வெளிச்சம். குட்டி துண்டை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"அதைப் போடாதீங்க."

"போடல."

"'ம்' சொல்லணும்."

"சொல்றேன், போ."

தண்ணீர் விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது. சோப்பு வாசனை நடை வழியாக மிதந்து வந்தது. "அப்பா." "ம்." வாளி நகரும் ஓசை. "அப்பா." "ம்." அவன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். இரண்டு பெட்டிக்கும் அவனுக்கும் சரியாக முக்கோணம். ஒரே ஒரு தரம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு தாலாட்டைப் போட்டு, ஆம்ப்ளிஃபையரின் ஒலிக் குமிழைத் திருப்பினான், இன்னும் திருப்பினான், வளையல் இடித்தது, மூச்சு வாங்கியது, ஃப்ரிட்ஜ் உறுமியது, ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது, சுவருக்கு முன்னால் அவள் அவ்வளவு கிட்டத்தில் நின்றதால் ஈரத் தலைமுடியின் வாசனைகூட வந்தது.

"அப்பா."

"ம்."

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பா."

"ம்."

"அப்பா."

"ம்."

உதடு பிரியும் ஓசை. இந்த முறை சொல் வந்தது. தெளிவாக. அலுத்துக்கொள்ளாமல்.

"சரி, விடுங்க. குட்டி வந்துட்டா."

கண்ணைத் திறந்தான்.

ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரியவில்லை. மேலே மின்விசிறி நின்றிருந்தது. சமையல்கட்டில் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. மின்சாரம் எப்போது போனது? பாட்டு எப்போது நின்றது? வீட்டில் ஒரே சத்தம். குழாய்.

அவன் எழுந்தான். நடையில் கால் வைத்தான். ஈரம்.

குளியலறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து வந்துகொண்டிருந்தது. சோப்பு நுரையோடு. மெதுவாக. அவன் பாதத்தைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போயிற்று.

கதவைத் தள்ளினான். தாழ்ப்பாள் இல்லாத கதவு. ஒரு விரல் அகலம் திறந்தது. எதிலோ முட்டி நின்றது. பாரம். மெத்தென்று.

"குட்டி."

உள்ளே தண்ணீர் மட்டும்.

"குட்டி, அப்பா."

பின்னால், கூடத்தில், இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, மகள் கூப்பிட்டாள்.

"அப்பா."

அவன் வாய்க்குப் பழகிய பதில்.

"ம்," என்றான்.