எரியாத பச்சை விளக்கு

இடது கால் கட்டைவிரல் மேல் ஓர் இரும்புப் பெட்டி விழுந்த நொடியில்தான் கம்ஷத் அவனை முதன்முதலாகப் பார்த்தாள்.

பார்த்தாள் என்பதுகூடச் சரியில்லை. வலியில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. போதாததற்கு அல்மாட்டி நகரின் அக்டோபர் மழை வேறு படிக்கட்டுவரை சாரலடித்தது. அதற்குள் மங்கலாக ஒரு முகம்... நெற்றியில் ஒட்டிய ஈரமுடி... பதறிப்போன இரண்டு கரிய கண்கள்...

"ஐயோ! அடி ஒண்ணும் படலையே?"

அந்தப் பதற்றம் அவளுக்குப் பிடித்திருந்தது. "பரவாயில்ல... கொஞ்சம் வலிக்குது..."

"உங்களைக் கேக்கலைங்க. பெட்டியைக் கேட்டேன்."

அவன் அங்கேயே மண்டியிட்டான். பெட்டியைச் சுற்றியிருந்த போர்வையை விலக்கி, காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தான். உள்ளே எதுவும் உடைந்து உருளவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுபோல் ஒரு பெருமூச்சு.

"உயிர் இருக்கா? இல்ல, ஆம்புலன்ஸ் கூப்பிடணுமா?" என்றாள்.

"இருக்கு, இருக்கு." கிண்டல் அவனுக்கு எட்டவேயில்லை.

"ரொம்ப சந்தோஷம். என் விரல்தான் போயிடுச்சு."

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்தவன் பெட்டியை மறந்தான். அவள் நொண்டிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள்.

கீழே, ஊரே 'ஆகா', அதாவது அண்ணா, என்று அழைக்கும் காபித்தின் ஒலிப்பதிவுக்கூடம். யாராக இருந்தாலும் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, அவர் கொடுக்கும் துணிச்செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். அன்று மிச்சமிருந்தது ஆகாவின் சொந்தச் செருப்பு மட்டும்தான். படகு மாதிரி இருந்தது. ஒரு கையில் லேப்டாப், காலில் இரண்டு படகு... எவ்வளவு கம்பீரமாக உள்ளே நுழைய நினைத்திருந்தாள்!

வங்கி வேலையை உதறிவிட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து அவள் செய்த வேலை அந்த லேப்டாப்பில் இருந்தது. கிட்டாரிலிருந்து வரும் சத்தம் பலவீனமானது. அதை முதலில் கைதூக்கி விடுவது ப்ரீஆம்ப் என்னும் பெட்டி. அந்தக்கால வால்வுப் பெட்டிகள் தூக்கிவிடுவதோடு நிற்காமல் சத்தத்துக்கு ஒரு சூட்டையும் சேர்த்துவிடும். அதற்காக உலகமெங்கும் கிட்டார்காரர்கள் அலைகிறார்கள். பழைய வானொலி நிலையத்திலிருந்து வந்த அப்படியொரு பெட்டியை அளந்து, அதன் குணம் மாறாமல் கணினிக்குள் மென்பொருளாக எழுதியிருந்தாள் கம்ஷத். இன்று காபித் ஆகா வாங்கவில்லையென்றால் திங்கட்கிழமை மறுபடி வங்கி. அம்மா மேலாளரிடம் பேசியே முடித்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கும்மா," என்றார் ஆகா, தேநீரில் பால் கலந்தபடி. "ஆனா என் காதை யாரு மதிக்கிறா? தௌகே தலையாட்டணும். அவன் ஆட்டினா ஊரே வாங்கும். ஆட்டலைன்னா ஒருத்தன் தொடமாட்டான்."

"யாரு அந்த தௌகே? பெரியவரா?"

கதவு திறந்தது. போர்வை சுற்றிய பெட்டியோடு உள்ளே வந்தது அதே ஈரமுடி.

கம்ஷத்துக்குக் கட்டைவிரல் இன்னொரு முறை வலித்தது.

பெயர் தௌரன். முப்பதுதான் ஆகிறது. அவன் கிட்டாருக்குப் பயந்து ஊர் அந்த வயதிலேயே 'தௌகே' என்று மரியாதை கொடுத்துவிட்டது. போர்வைக்குள் அவன் சுமந்து வந்ததும் அதே வகை வால்வுப் ப்ரீஆம்ப்தான். அவள் பெயரையும் விஷயத்தையும் கேட்டுவிட்டு லேப்டாப்பை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதுக்குள்ள என் பெட்டி இருக்கா?"

"உங்க பெட்டியோட அண்ணன்."

"கம்ப்யூட்டர்ல அவிச்ச பெஷ்பர்மக் கறியை யாராவது சாப்பிடுவாங்களா?"

"உங்க பெட்டியில அவிச்சா மட்டும் வெந்துடுமா தௌகே? அது ஒரு சட்டிகூட இல்லையே!"

ஆகாவுக்குத் தேநீர் புரையேறியது. தௌரனின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து, பிடிபட்டு, உள்ளே ஓடியது. கிட்டாரை எடுத்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். "சரி... போடுங்க."

அவன் வாசித்தான்... கம்ஷத்துக்கு இசைக்காரர்கள் மேல் மயக்கமெல்லாம் கிடையாது. இருந்தும் அவன் விரல்கள் கம்பியைத் தொட்டதும் வெளியே மழை கொஞ்சம் மெதுவாகப் பெய்த மாதிரி இருந்தது. என்ன இது அசட்டுத்தனம்! கண்ணை மூடிக்கொண்டாள். திரையில் இருந்த குமிழைக் கொஞ்சம் கூட்டினாள். சூடு ஏறியது. இன்னும் கொஞ்சம்... ஆமாம், இதுதான்! உடம்பு சிலிர்த்தது.

"அடேயப்பா!" என்றார் ஆகா. "இப்ப எப்படி மாறிடுச்சு பாரு!"

வாசிப்பு நின்றது.

"இதுதான்," என்றான் தௌரன் மெல்ல. "என் பெட்டியேதான். வாங்கிக்குங்க ஆகா."

ஜெயித்துவிட்டாள்! சிரிக்கக் கண்ணைத் திறந்தாள்... அப்படியே உறைந்தாள்.

திரையின் மூலையில் பச்சை விளக்கு எரியவில்லை.

கிட்டாரை லேப்டாப்போடு இணைத்தபோது அணைத்து வைத்த தன் ப்ரீஆம்பின் சுவிட்சைப் போடவே மறந்திருக்கிறாள். இவ்வளவு நேரம் அவள் திருப்பியது செத்த குமிழ். மூன்று பேரும் மெய்சிலிர்த்துக் கேட்டது எதுவும் சேராத வெறும் கிட்டார்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வங்கியின் கண்ணாடிச் சன்னல் ஒருமுறை நினைவுக்கு வந்தது. ஆகா பணத்தை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"வேண்டாம் ஆகா." திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "சுவிட்சே போடல. நீங்க கேட்டதுல என் வேலை ஒண்ணுமில்ல."

ஆகாவின் கை பையிலேயே தங்கிவிட்டது. "அப்ப... எனக்கு மாறின மாதிரி கேட்டுச்சே..."

"தெரியும்," என்றான் தௌரன்.

"என்ன தெரியும்?"

"விளக்கு எரியல. முதல்லயே பார்த்தேன்."

அவளுக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. "பார்த்துட்டுத்தான் வாங்கச் சொன்னீங்களா? எனக்குப் பிச்சை போட்டீங்களா? விரலை நசுக்கினதுக்கு நஷ்ட ஈடா?"

"அது இல்ல..."

"பேசாதீங்க! வாசிங்க."

படீரென்று சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. அவன் வாசித்தான். இந்தமுறை கண்ணை மூடியது அவன். தடித்த கம்பிகளில் நிஜமாகவே ஒரு கனம் இறங்கியது. ஆகாவின் தேநீர்க் கிண்ணம் தட்டில் அதிர்ந்தது. வாசித்து முடித்தும் அவன் காதைச் சாய்த்து மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்பவும் பொய் சொன்னீங்கன்னா, லேப்டாப்பால அடிப்பேன்," என்றாள்.

"தடிச்ச கம்பியோட சத்தம் அப்படியே என் பெட்டி. பயமா இருக்கு. ஆனா இது ரொம்ப சுத்தமா இருக்கு. வாசிக்காதப்போ என் பெட்டி அடியில உர்ர்னு முனகும். இதுல அது இல்ல. ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு."

அந்த முனகலைக் குறை என்று நினைத்து, ஒரு மாதம் உட்கார்ந்து துடைத்தெடுத்தவள் கம்ஷத். சரியாகத்தான் சொல்கிறான், பாவி.

"முனகலைச் சேர்த்துட்டா வாங்கிக்குங்க ஆகா. நான் ஊர் பூராவும் சொல்றேன்."

ஆகா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, பால் தீர்ந்துவிட்டது என்று எழுந்து போனார். பால் குடுவை நிறைய இருந்தது.

கம்ஷத் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "இவ்வளவு தெளிவா காது இருக்குல்ல? அப்ப ஏன் முதல்ல அப்படிச் சொன்னீங்க?"

அவன் கிட்டாரின் கம்பியை வீணாகத் துடைத்தான். "விளக்கு எரியலைன்னு கண்ணு சொல்லுச்சு. ஆனா... நீ கண்ணை மூடிட்டு அந்தக் குமிழைத் திருப்பினப்போ... எனக்கு நிஜமாவே கேட்டுச்சு கம்ஷத். சூடு, கனம், எல்லாம். இந்தக் காதை வச்சுத்தான் சோறு திங்கிறேன். இதுவரைக்கும் அது என்னை ஏமாத்தினதில்ல. இன்னிக்கு ஏமாத்திடுச்சு. ஏன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. உனக்குப் புரியலையா?"

எப்போது 'நீ'க்கு வந்தான்? அவள் கவனிக்கவில்லை. திருத்தவும் தோன்றவில்லை.

"நாளைக்குப் பெட்டியைக் கொண்டு வா," என்றாள். "முனகலை அளக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"தனியா செஞ்சா ஒரு வாரம்." அவன் கண்களை நேராகப் பார்த்தாள்... ஒரே ஒரு நொடி. "நீ பக்கத்துல உட்கார்ந்தா ரொம்ப நாளாகும். செத்த குமிழைத் திருப்பினப்போ, எனக்கும்தானே அந்தச் சூடு கேட்டுச்சு?"